ஆட்டம் எகோயன் காணாமல் போனாரா?

கேள்வி கேட்ட நண்பர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: "கனடிய இயக்குநர் ஆட்டம் எகோயன் 1997இல் எடுத்த ஒரு படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். பிறகு ஏன் காணாமல் போனார்? ஹாலிவுட்டுக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பாரா? எந்தப் படத்தில் தொடங்கிப் பார்ப்பது?" மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். திறமைசாலி ஒருவரின் பிந்திய படங்கள் முந்தியவற்றுக்கு ஈடாகாமல் போனால், குறை அவரிடமா, அவர் இருந்த இடத்திலா?

திரைக்கதை கற்பிப்பது என் தொழில். எகோயனின் இரண்டு படங்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் காட்சி காட்சியாகப் பிரித்துப் பாடம் நடத்தி வருகிறேன். கனடாவின் படத்துறைக்குள் வேலை பார்த்தவனல்ல. எனவே படங்களின் கட்டுமானத்தைப் பற்றித் துணிந்து பேசுவேன். அவர் ஏன் ஒரு முடிவை எடுத்தார் என்று பேச வரும் இடங்களில் அது என் ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். அவர் காணாமல் போகவில்லை. 1999இல் 'ஃபெலீசியாஸ் ஜர்னி', 2002இல் 'அராரத்', 2005இல் 'வேர் தி ட்ரூத் லைஸ்', 2008இல் 'அடோரேஷன்', 2009இல் 'க்ளோயி', 2013இல் 'டெவில்ஸ் நாட்', 2014இல் 'தி கேப்டிவ்', 2015இல் 'ரிமெம்பர்', 2019இல் 'கெஸ்ட் ஆஃப் ஹானர்', 2023இல் 'செவன் வெய்ல்ஸ்' என்று நான்கு ஆண்டுக்கு மேல் இடைவெளி விழாமல் படங்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவற்றில் பல கான், வெனிஸ், டொரோன்டோ விழாக்களில் திரையிடப்பட்டவை. இடையில் ஓபரா மேடைக்கும் இயக்கினார். காணாமல் போனது அவரைச் சுற்றி இருந்த எதிர்பார்ப்பு. விமர்சகர்கள் அடுத்த படத்துக்காகக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது, அது முடிந்துபோனது.

எகோயன் 1960இல் கெய்ரோவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆர்மீனியர்கள், ஓவியர்கள். எகிப்து தன் முதல் அணு உலையை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதையொட்டித்தான் பிள்ளைக்கு 'ஆட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஆம், நம் ஊர் ஆட்டம் பாம் வெடியில் இருக்கும் அதே சொல். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள விக்டோரியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெற்றோர் மரச்சாமான் கடை நடத்தினார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல இருக்க வேண்டும் என்பதற்காகச் சிறுவயதில் ஆர்மீனிய மொழி பேச மறுத்தவர், டொரோன்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு அதைத் தேடித் திரும்பிப் போனார். அங்கே அவர் படித்தது பன்னாட்டு உறவுகளும் கிளாசிக்கல் கிதாரும். படக்கல்லூரியில் படித்தவர் அல்லர். பெக்கெட், பிண்டர் நாடகங்களில் ஊறி, நாடகம் எழுதிப் பார்த்து, மாணவர் குறும்படங்கள் வழியாக உள்ளே வந்தவர்.

இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1984இல் வந்த முதல் முழுநீளப் படமான 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' கதையைப் பாருங்கள். வசதியான ஆங்கிலேய வம்சாவளிக் குடும்பத்து இளைஞன், குடும்ப ஆலோசனைக்குப் போன இடத்தில், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தின் வீடியோப் பதிவைப் பார்க்கிறான். அவர்கள் எப்போதோ ஒரு மகனைத் தத்துக் கொடுத்துவிட்டு ஏங்குகிறவர்கள். இவன் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், "நான்தான் அந்த மகன்" என்று சொல்லிவிடுகிறான். அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். இழந்த ஒருவரின் இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பது, அதற்கு வீடியோ துணைபோவது, அந்தப் பொய் எல்லாருக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாக இருப்பது. அடுத்த பதினைந்து ஆண்டு எகோயன் எடுத்தவற்றின் விதை முழுவதும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. இந்தப் படத்தில் நடித்த ஆர்சினே கஞ்சியான் பின்னர் அவருடைய மனைவியானார்; அவருடைய பெரும்பாலான படங்களில் முக்கியப் பாத்திரமேற்றவரும் அவரே.

இனிப் பணம். நண்பருடைய ஹாலிவுட் கேள்விக்கான பாதி விடை இங்கேதான் இருக்கிறது. 1970களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள், படத்தில் முதலீடு செய்தால் முழு வரிவிலக்கு என்று கனடிய அரசு அறிவித்திருந்தது. பல் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பணம் போட்டார்கள். டொரோன்டோ தெருவில் அமெரிக்கக் கொடியைக் கட்டி நியூயார்க் என்று காட்டும் படங்கள் வரிசைகட்டி வந்தன. பல படங்கள் திரையரங்கையே பார்க்கவில்லை. 1980களில் அந்தக் கடை மூடப்பட்டது. அதற்குப் பிறகு அரசு நிறுவனமான டெலிஃபிலிம் கனடா, ஒன்டாரியோ மாநிலத்தின் பட வளர்ச்சிக் கழகம், கலை மன்றங்கள் ஆகியவற்றின் வழியே நேரடியாக உதவி வரத் தொடங்கியது. தொகை சிறியது, ஆனால் "அமெரிக்காவைப் போல எடு" என்று கட்டாயப்படுத்துவோர் இல்லை. எகோயன், பட்ரீஷியா ரோஸெமா, புரூஸ் மெக்டொனால்ட், டான் மெக்கெல்லர், பீட்டர் மெட்லர் என்று ஒரு கூட்டம் டொரோன்டோவில் எழுந்தது இந்தச் சூழலில்தான். ஒருவர் படத்தில் ஒருவர் ஒளிப்பதிவு செய்வார், நடிப்பார், எழுதிக் கொடுப்பார். ஆங்கிலக் கனடாவின் திரையரங்குகளில் சொந்த நாட்டுப் படங்களின் வசூல் பங்கு ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டுவதே அரிது என்ற நிலையில், வசூலை நம்பியிருந்தால் இவர்களில் ஒருவரும் இரண்டாவது படம் எடுத்திருக்க முடியாது.

விழாக்கள் எப்படிக் கைகொடுத்தன என்பதற்கு ஒரு செய்தி. 1987இல் மான்ட்ரியால் விழாவில் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்துக்காகப் பரிசு பெற்ற ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ், மேடையிலேயே அந்தப் பரிசுப் பணத்தை எகோயனுக்குக் கொடுத்துவிட்டார். எகோயனின் இரண்டாவது படமான 'ஃபேமிலி வியூயிங்' அவரை அவ்வளவு கவர்ந்திருந்தது. ஐரோப்பாவில் எகோயன் பெயர் பரவ அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. நான்கு ஆண்டு கழித்து டொரோன்டோ விழாவில் 'தி அட்ஜஸ்டர்' படத்துக்குப் பரிசு வந்தபோது, எகோயன் அந்தப் பணத்தை ஜான் போசர் என்ற புது இயக்குநரிடம் கொடுத்தார். வெண்டர்ஸ் செய்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். இதை எழுதுகிறவர்கள் குறைவு.

இனி அவருடைய முறை. வகுப்பில் நான் எப்போதும் 'எக்சாட்டிகா'வில்தான் தொடங்குவேன். 1994இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, பன்னாட்டு விமர்சகர் சங்கத்தின் பரிசு பெற்ற படம். பிரான்சிஸ் என்று ஒரு வரித் தணிக்கையாளர். இரவு நேர நடன விடுதிக்குப் போகிறார். பள்ளிச் சீருடையில் ஆடும் ஒரே பெண்ணைத்தான் தன் மேசைக்கு அழைப்பார். இன்னொரு பக்கம், ஒரு பதின்வயதுப் பெண்ணைக் காரில் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கையில் பணம் கொடுக்கிறார். பார்வையாளர் மனத்தில் என்ன ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்பேன். பதில் ஒன்றுபோல வரும்: கேடுகெட்டவர். பிறகுதான் தெரிகிறது, காரில் வந்த பெண் அவருடைய அண்ணன் மகள் முறை. அவர் விடுதிக்குப் போகும் நேரத்தில் அவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக வருகிறாள். அந்த வீட்டில் குழந்தை இல்லை. மகள் கொலையுண்டு இறந்துவிட்டாள். ஆளில்லாத வீட்டுக்குக் காவலாக ஒரு பெண்ணை அமர்த்திச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் இந்த மனிதர்.

இங்கே எகோயன் செய்வதைக் கவனியுங்கள். தகவலை மறைக்கிறார், உண்மைதான். ஆனால் மறைத்தது வெளிப்படும்போது 'குற்றவாளி யார்' என்ற புதிர் அவிழ்வதில்லை. இவர்கள் ஏன் இந்தச் சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதுதான் விளங்குகிறது. அதோடு, அதுவரை நாம் அவரைப் பார்த்த பார்வையே நமக்கு எதிராகத் திரும்புகிறது. கொலைகாரன் யார் என்பது அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை.

மூன்று ஆண்டு கழித்து வந்தது, நண்பர் குறிப்பிட்ட 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. ரஸ்ஸல் பேங்க்ஸ் 1991இல் எழுதிய நாவல். அதுவரை சொந்தக் கதையிலேயே படமெடுத்த எகோயனுக்கு முதல் தழுவல். பள்ளிப் பேருந்து ஒன்று உறைந்த ஏரிக்குள் விழுந்து ஒரு சிற்றூரின் பிள்ளைகள் பதினான்கு பேர் இறக்கிறார்கள். வழக்குப் போடச் சொல்லி ஒரு வழக்கறிஞர் வீடு வீடாக வருகிறார். நாவல் நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியில் நடக்கிறது. நால்வர் தனித்தனியாகத் தத்தம் குரலில் சொல்கிறார்கள். எகோயன் ஊரைத் தான் வளர்ந்த பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மாற்றினார். நால்வரின் குரல்களையும் கலைத்து, விபத்துக்கு முன், விபத்துக்குப் பின், இரண்டு ஆண்டு கழித்து ஒரு விமானப் பயணம் என்று காலங்களைப் பின்னினார். நாவலின் இறுதியில் வரும் கார் மோதல் பந்தயத்தை அப்படியே விட்டுவிட்டார். நாவலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்: ராபர்ட் பிரவுனிங் பாடிய ஹாமலின் நகரத்துக் குழலூதியின் கதை. விபத்தில் பிழைத்துச் சக்கர நாற்காலியில் அடைபட்ட நிக்கோல், முன்பு தான் பார்த்துக்கொண்ட இரண்டு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டிய பாட்டு அது. எல்லாப் பிள்ளைகளும் மலைக்குள் போய்விட, கால் ஊனமான ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கிவிடும் இடத்தில், அவள் கதையும் அந்தக் கதையும் ஒன்றாகிவிடுகின்றன.

விபத்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்குப் பின்னால் தன் வண்டியில் வருகிறார் ஒரு தந்தை. பின்கண்ணாடி வழியாகக் கையசைக்கும் தன் இரு பிள்ளைகளுக்கு அவரும் கையசைக்கிறார். ஒரு வளைவில் பேருந்து சறுக்கி, தடுப்பைத் தாண்டிச் சரிவில் இறங்கி, உறைந்த ஏரியின் மேல் போய் நிற்கிறது. கேமரா மிகத் தொலைவில் இருக்கிறது. பேருந்து வெண்பரப்பில் ஒரு மஞ்சள் புள்ளி. ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டார்கள் என்று நாம் மூச்சு விடுகிறோம். அப்போது பனிப்பாளம் உடைகிறது, பேருந்து உள்ளே போகிறது. அலறல் இல்லை, அண்மைக் காட்சி இல்லை, முகம் ஒன்றும் இல்லை. அந்தத் தந்தை எவ்வளவு தொலைவில் நின்று பார்த்தாரோ அவ்வளவு தொலைவில்தான் நமக்கும் இடம். இதே விபத்தை ஏழெட்டுக் கேமரா வைத்து எடுக்கப் பணம் இருந்திருந்தால் காட்சி பாழாகியிருக்கும் என்பது என் துணிபு.

அதற்குச் சமமான இன்னொரு இடம் உண்டு. அதில் நடப்பது வெறும் பேச்சு. வழக்கறிஞராக வரும் இயன் ஹோம், விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் தன் மகளைப் பற்றிச் சொல்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோது சிலந்தி கடித்து உடம்பு வீங்கத் தொடங்கியது. மருத்துவமனை தொலைவில். தொலைபேசியில் மருத்துவர் சொன்னபடி, மனைவி காரோட்ட, இவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போகிறார். மறுகையில் சிறு கத்தி. மூச்சுக்குழல் அடைத்தால் தொண்டையைக் கீறி வழி உண்டாக்க வேண்டும். அதற்குத் தேவை வரவில்லை, குழந்தை பிழைத்தது. அந்த மகள்தான் இப்போது போதைப் பழக்கத்தில் எங்கோ அலைகிறாள். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக நியாயம் கேட்க இவர் ஏன் இப்படிப் பாய்கிறார் என்பதை யாரும் விளக்க வேண்டிய தேவை அதற்குப் பிறகு இல்லை. முதலில் இந்தப் பாத்திரத்துக்குப் பேசப்பட்டவர் டொனால்ட் சதர்லேண்ட். அவர் விலகியதால்தான் ஹோம் வந்தார். சில நேரம் படத்துக்கு நல்லது இப்படியும் நடக்கும்.

கானில் இரண்டாம் பெரும் பரிசான கிராண்ட் பிரி கிடைத்தது. முதற்பரிசை ஈரானின் கியாரோஸ்தமியும் ஜப்பானின் இமாமுராவும் பகிர்ந்துகொண்ட ஆண்டு அது. அடுத்து ஆஸ்கரில் இயக்கத்துக்கும் தழுவல் திரைக்கதைக்கும் எகோயன் பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டு இயக்குநர் பட்டியலில் கனடியர்கள் இருவர். இன்னொருவர் 'டைட்டானிக்' எடுத்த ஜேம்ஸ் கேமரூன். ஒருவர் ஏறத்தாழ 50 லட்சம் டாலரில் ஒரு பேருந்தை மூழ்கடித்தார். மற்றவர் 20 கோடி டாலரில் ஒரு கப்பலை.

இந்தப் படத்தோடு தொடர்புள்ள இருவரை நம் வாசகர்கள் வேறு வழியில் அறிந்திருப்பார்கள். இசையமைத்த மைக்கேல் டானா 'ஃபேமிலி வியூயிங்' காலத்திலிருந்தே எகோயனோடு வேலை செய்தவர். இந்தப் படத்துக்கு இடைக்கால ஐரோப்பியக் குழல்களையும் 'நே' என்னும் பாரசீகப் புல்லாங்குழலையும் கலந்தார். 'லைஃப் ஆஃப் பை' படத்தில் பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் பாடிய தாலாட்டுக்கு இசை தந்தவரும் இதே டானாதான். அந்தப் படத்தின் பின்னணி இசைக்கு ஆஸ்கர் வாங்கினார். 'எக்சாட்டிகா'வில் காலி வீட்டுக்குக் காவலிருந்த பெண்ணாகவும் இந்தப் படத்தில் நிக்கோலாகவும் நடித்தவர் சாரா பாலி. அவரே பின்னாளில் இயக்குநராகி, 'விமன் டாக்கிங்' திரைக்கதைக்காக 2023இல் ஆஸ்கர் பெற்றார். அவருடைய முதல் முழுநீளப் படத்துக்கு நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் எகோயன்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? 'அராரத்' அவருக்கு மிக நெருக்கமான பொருள்: 1915இல் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலை. அதை நேரடியாகச் சொல்லாமல், அதைப் பற்றி ஒருவர் படமெடுக்கிறார் என்று படத்துக்குள் படமாக வைத்தார். கனடாவின் தேசிய விருதில் சிறந்த படமாயிற்று. துருக்கியில் மிரட்டல் காரணமாகத் திரையிட முடியாமல் போனது. படமாக அது ஓவராக நிரம்பியது. ஓவியர், சுங்க அதிகாரி, இயக்குநர், வரலாற்றாசிரியர், மகன் என்று எல்லாரும் விவாதிக்கிறார்கள். ஆனாலும் மறுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கொடுமையை, அதன் மறுப்பையே பொருளாக்கிப் படமெடுத்த துணிவுக்காக நான் அதைத் தள்ளிவிட மாட்டேன்.

அடுத்து 'வேர் தி ட்ரூத் லைஸ்'. நட்சத்திரங்கள், பெரிய செலவு, 1950களின் கேளிக்கை உலகம். அமெரிக்கத் தணிக்கை வாரியம் கடுமையான வயதுவந்தோர் சான்று கொடுக்க, தயாரிப்பாளர்கள் சான்றில்லாமலே வெளியிட்டார்கள், வசூல் படுத்துவிட்டது. இங்கிருந்துதான் எனக்கு ஒரு மாற்றம் தென்படுகிறது. விடுதி அறையில் கிடந்த பிணத்துக்கு யார் காரணம் என்பதே இந்தப் படத்தின் இழுவிசை. 'டெவில்ஸ் நாட்', 'தி கேப்டிவ்', 'ரிமெம்பர்' எல்லாவற்றிலும் குற்றமும் விசாரணையும் முன்னால் வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றின் திரைக்கதை அவர் எழுதியதுமல்ல. காலத்தைக் கலைத்துப்போடும் பழைய கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் முன்பு மனிதர்களைப் புரிந்துகொள்ளப் பயன்பட்ட மறைப்பு, இப்போது கடைசித் திருப்பத்துக்குக் காத்திருக்க வைக்கும் உத்தியாகச் சுருங்கிவிட்டது. 'ரிமெம்பர்' படத்தில் கிறிஸ்டோபர் பிளம்மர் தன் நடிப்பால் அந்தச் சட்டகத்தை மீறுகிறார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி? இங்கே நான் ஊகிக்கிறேன். ஐம்பது லட்சத்தில் எடுக்கும்போது, கதை புரியாவிட்டாலும் காத்திருக்கிற பார்வையாளருக்காக எடுக்கலாம். நட்சத்திரமும் வெளிநாட்டு விற்பனையும் சேர்ந்தால், விளம்பரத்துக்கு ஒரு வரிக் கதை வேண்டும்; குற்றக்கதைதான் ஒரு வரியில் சொல்ல எளிது. வீடியோவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1987இல் ஒரு குடும்பத்தின் பழைய ஒளிநாடாமேல் அப்பா வேறு காட்சிகளைப் பதிந்து அழிக்கிறார் என்பது திடுக்கிட வைத்தது. எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு அதே கவலையைச் சொல்ல வேறு மொழி தேவைப்பட்டது. அதை அவர் முழுவதும் கண்டுபிடிக்கவில்லை. இதை ஏற்காத விமர்சகர்கள் உண்டு. 'அடோரேஷன்' படத்தை அவர்கள் எதிர்வாதமாகக் காட்டுவார்கள்; அதில் இணைய உரையாடல்கள் வருகின்றன, நேர்மையான முயற்சிதான்.

ஆகவே ஹாலிவுட்டுக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பாரா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'எக்சாட்டிகா'வுக்குப் பிறகு ஒரு பெரிய நிறுவனத்துக்காகத் திரில்லர் ஒன்றில் இறங்கி, நடிகர் தேர்வில் உடன்பாடு வராமல் விலகினார். அதனால்தான் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' அந்த நேரத்தில் சாத்தியமாயிற்று. அவருடைய தளர்ந்த படங்கள், அவர் ஹாலிவுட் பாணிக்கு மிக அருகில் போனபோது வந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே கனடாவிலிருந்து இயக்குநர்கள் டேவிட் கிரோனென்பெர்க்கும் டெனி வில்லனூவும் வேறு வழியில் பெரிதானார்களே என்று கேட்கலாம். வில்லனூவ் மான்ட்ரியாலைச் சேர்ந்தவர், அது பிரெஞ்சுக் கனடா. அங்கே சொந்தப் படத்தைப் பார்க்க மக்கள் வருகிறார்கள், கணக்கே வேறு. கிரோனென்பெர்க் தொடக்கத்திலிருந்தே திகில் படம் என்ற சந்தையில் நின்றவர். எகோயனுக்கு அப்படி ஒரு வகை கிடையாது.

எதில் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். 'எக்சாட்டிகா' முதலில், கதைச்சுருக்கம் எதையும் படிக்காமல் பாருங்கள். மேலே நானே பாதியைச் சொல்லிவிட்டேன், ஆனால் கடைசிக் காட்சியைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அடுத்து 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்'. மூன்றாவதாக, ஜெர்மானியத் தொலைக்காட்சிப் பணத்தில் 1993இல் ஆர்மீனியாவில் எடுத்த 'காலண்டர்'. தேவாலயங்களைப் படமெடுக்கப் போன புகைப்படக்காரர் தன் மனைவியை வழிகாட்டியிடம் இழக்கும் கதை. புகைப்படக்காரராக எகோயனே நடித்தார், மனைவியாகக் கஞ்சியான். அவருடைய படங்களில் சிரிப்பு வருவது இதில்தான். இந்த மூன்றும் பிடித்திருந்தால் 'ஃபேமிலி வியூயிங்' பாருங்கள். பல காட்சிகள் பழைய வீடியோத் தரத்தில் இருக்கும், வேண்டுமென்றே அப்படி எடுத்ததுதான். கடைசியில் 'செவன் வெய்ல்ஸ்'. 1996இல் டொரோன்டோவில் தான் மேடையேற்றிய 'சலோமே' ஓபரா 2023இல் மீண்டும் மேடையேறியபோது, அதே அரங்கில், அதே மேடை அமைப்புக்குள் அவர் எடுத்த படம். குறைகள் இருக்கின்றன, ஆனால் கதையை மறுபடி அவரே எழுதியிருக்கிறார்.